கூட்டாளிக்கு எழுதிய கடிதம்

என் மகளின் மலாய்மொழித் தாளை ஆசிரியை மேசை மேல் விரித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவளுடைய கையெழுத்துதான். அச்சடித்த மாதிரி இருந்தது. வலப்பக்க மூலையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முகவரி. கதவு எண், மாடி, தபால் எண், மாசாய், ஜொகூர். ஒன்றையும் விடவில்லை. அதற்குக் கீழே தேதி. அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை. பக்கம் முழுதும் வெள்ளையாகக் கிடந்தது.

“மக்சிக்,” என்று ஆசிரியை ஆரம்பித்தார். மலாய்க்காரப் பெண், என் வயதில் பாதிகூட இருக்காது. மூத்த பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் புரியவேண்டும் என்று வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து மெதுவாகப் பேசினார். பள்ளியில் வைத்த சோதனையில் கூட்டாளிக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வந்திருக்கிறது. கட்டாயக் கேள்வி. இவள் முகவரியும் தேதியும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “எனக்குக் கூட்டாளி இல்லை, சிக்கு” என்றாளாம். சிக்கு என்றால் டீச்சர்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது ஆசிரியைக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் திட்டாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தின் பெரிய சோதனையிலும் இப்படி ஒரு கேள்வி வரலாம். வந்தால் இதே மாதிரி விட்டுவிட்டு வருவாள். மலாய்மொழியில் தேறாவிட்டால் மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் எடுக்கமாட்டார்கள். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பாலோ பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என் வீட்டுக்காரர் இருந்தவரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அவர்தான் போனார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், யாரோடும் பேசிவிடுவார். மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் நான் போய்த் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

மகள் எனக்கு நாற்பத்து நான்கு வயதில் பிறந்தவள். கல்யாணமே முப்பத்தெட்டில்தான் ஆயிற்று. அதனால் பள்ளியில் என்னைப் பார்த்த எல்லோரும் பாட்டி என்றே நினைத்தார்கள். வாசலில் இருக்கும் காவலாளி, “ஒம் பாட்டி வந்துட்டாங்க” என்று அவளிடம் சொல்வார். அவள் நின்று திருத்துவாள். “பாட்டி இல்ல. அம்மா. வயசு அறுபத்தொன்னு.” வயதையும் சேர்த்துச் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

தமிழ்ப்பள்ளியில் அவளைக் கெட்டிக்காரி என்றும் சொன்னார்கள், பிடிவாதக்காரி என்றும் சொன்னார்கள். கணக்கில் விடை மட்டும் எழுதுவாள், வழிமுறை எழுதமாட்டாள். “விடை தெரியுதே, எதுக்கு வழி?” என்பாள். பாதி மார்க்கு போய்விடும். இடைநிலைப்பள்ளிக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்தாள். அந்த வகுப்பின் கூரையில் ஒரு காற்றாடி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றும். மற்றப் பிள்ளைகளுக்கு அது காதில் விழவே இல்லை. இவளுக்கு ஆசிரியரின் குரல் விழவில்லை, காற்றாடி மட்டும் விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததற்கு மரியாதை இல்லாதவள் என்று பெயர் வாங்கினாள்.

இரண்டாம் படிவத்தில்தான் ஒரு ஆலோசக ஆசிரியை எங்களை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். நான்கைந்து தடவை போனோம். கடைசியில் டாக்டர், ஆட்டிசம் என்றார். மருந்து உண்டா என்று கேட்டேன். மருந்து இல்லை, சுற்றி இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் மருந்து என்றார். சுற்றி இருப்பவர்கள் என்று அவர் சொன்னபோது நான் மகளைப் பார்த்தேன். அவளைச் சுற்றி நான் ஒருத்திதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் குறை சொல்ல முடியாது. சோதனைக்குத் தனி அறை கொடுத்தார்கள். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். வரலாறு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்தச் சுல்தான், எந்த ஒப்பந்தம், எல்லாம் ஒப்பிப்பாள். நன்னெறிக் கல்வியில் இருக்கிற எல்லா நெறிகளையும் விளக்கத்தோடு ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள். ஆனால் ஒரு படத்தைக் காட்டி, இந்தப் பையன் கிழவியைச் சாலை கடக்க வைக்கிறானே, இதில் என்ன நெறி என்று கேட்டால், “அந்தக் கிழவி கேட்டாங்களா? படத்துல தெரியலையே” என்பாள். குழுவாகச் சேர்ந்து செய்கிற வேலை என்றால் அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆசிரியர் சேர்த்துவிடுவார். அவள் முழு வேலையையும் தானே செய்து எல்லார் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்.

கூடுதல் நேரம் கொடுத்தவர்கள், கடிதம் எழுத ஒரு கூட்டாளியையா கொடுக்க முடியும்?

ஆசிரியை கூப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நான் பேச்சை எடுத்தேன்.

“சும்மா ஒரு பேரைப் போட்டு எழுதிட்டு வரவேண்டியதுதானேம்மா.”

“யாரு பேர?”

“ஏதாவது ஒரு பேரு.”

“அந்தப் பேர்ல ஆள் இருக்கா?”

“இல்லதான். சோதனைதானே?”

“இல்லாத ஆளு எப்படி நல்லா இருக்கும்? ‘நலமா’ன்னுதான் தொடங்கணும். இல்லாத ஆள நலமான்னு கேக்குறது பொய்.”

“சரி, எனக்கு எழுது. நான்தான் ஒனக்குக் கூட்டாளின்னு வெச்சுக்கோ” என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். பொதுவாக அப்படிப் பார்க்கமாட்டாள், சுவரைத்தான் பார்ப்பாள். “நீங்க அம்மா,” என்றாள். பிறகு, “ஒங்க கூட்டாளி யாரும்மா? ஒங்களுக்கு இருந்தா எப்படி இருக்கும்னு சொல்லுங்க. நான் அதைப் பாத்து எழுதுறேன்” என்றாள்.

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நான் யோசித்தேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தேன் அப்போது. கூட வேலை செய்கிறவர்கள் பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பின்கட்டில் தொட்டி பக்கம் நின்று குடித்துவிட்டு வந்துவிடுவேன். வா என்று யாரும் கூப்பிடாமல் இல்லை. முதல் வருடம் கூப்பிட்டார்கள். நான் வெட்கப்பட்டுப் போகவில்லை, பிறகு விட்டுவிட்டார்கள். பதினோரு வருடம் அங்கே வேலை செய்தேன்.

“அம்மாவுக்கும் யாரும் இல்லம்மா,” என்றேன்.

“ஓ,” என்றாள். நோட்டை மூடி வைத்தாள். எங்கள் வீட்டில் கடிதம் எழுத ஆளில்லை என்பது அவளைப் பொறுத்தவரை முடிந்துபோன விஷயம்.

எனக்கு முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, அந்த வெள்ளைப் பக்கமே கண்ணில் நின்றது. நான் கண்ணை மூடிய பிறகு இவள் என்ன செய்வாள் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. சான்றிதழ் கையில் இருந்தால் ஏதோ ஒரு கல்லூரி, ஏதோ ஒரு வேலை. இல்லாவிட்டால் என்னை மாதிரி தொட்டி பக்கம்.

எங்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே ஒரு பெண் இருந்தாள். அதே பள்ளி, அதே படிவம் ஐந்து, வேறு வகுப்பு. கலகலப்பான பெண். படியில் பார்த்தால் “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டுப் போவாள். அவளிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய பிறகு நான்கு நாள் ஆயிற்று கேட்க. மூன்று முறை மூன்றாம் மாடி வரை இறங்கிப்போய், செருப்புச் சத்தம் கேட்டதும் மேலே ஏறி வந்துவிட்டேன். யாராவது பார்த்திருந்தால் இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். நான்காம் முறை அவளே படியில் எதிரே வந்துவிட்டாள்.

“ஆன்ட்டி, லிஃப்ட் கெட்டுப்போச்சு லா. மூட்டையா? குடுங்க, தூக்குறேன்.”

“மூட்டை இல்லம்மா. ஒன்னு கேக்கணும்.”

அவள் நின்றாள். நான் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. “எம் மகளுக்குக் கொஞ்ச நாளைக்குக் கூட்டாளியா இருப்பியாம்மா?” என்று நேரே கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “அதெல்லாம் கேட்டு வர்றதா, ஆன்ட்டி?”

நான் கடித விஷயத்தைச் சொன்னேன். ஓய்வு நேரத்தில் அவளோடு கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், கடிதத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள்வாள், சோதனை முடியும் வரைக்கும்தான் என்றேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “தினம் முடியாது ஆன்ட்டி, எனக்கு கேங் இருக்கு. செவ்வாய், வியாழன் ஓகேவா?”

“ரொம்ப நன்றிம்மா.”

“அலமாக், இதுக்குப் போயி அழுவுறீங்க. ஓகே லா, ஆன்ட்டி.”

எனக்குச் சும்மா வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. செவ்வாயும் வியாழனும் விடியற்காலையில் எழுந்து, கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப் சுட்டு, ஒரு டப்பாவில் போட்டு, மகள் குளிக்கும் நேரத்தில் இறங்கிப்போய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வருவேன். மகளுக்குத் தெரியக்கூடாது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தந்திரம் அதுதான்.

முதல் செவ்வாய்க்கிழமை மகள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். “இன்னிக்கு ஒரு பொண்ணு எங்கூட உக்காந்தா. மூனாவது மாடி.”

“என்ன பேசுனீங்க?”

“அவ பேசுனா. நான் கேட்டேன்.”

இரண்டாம் வாரம், அவளும் ஏதோ சொன்னதாகச் சொன்னாள். புகுமுக வகுப்புக் காற்றாடியைப் பற்றி. அது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கிறீச்சிடும் என்று எண்ணி வைத்திருந்ததை அவள் சொல்ல, அந்தப் பெண் சிரித்தாளாம். “என்னப் பாத்து சிரிக்கல. சொன்னதுக்குச் சிரிச்சா,” என்று மகள் விளக்கினாள். அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருடம் முதல் வகையைத்தான் பார்த்திருந்தாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மலாயில், அந்தப் பெண்ணின் பெயர் போட்டு, கூட்டாளிக்கு என்று. மறுநாள் ஒன்று. அதற்கடுத்த நாள் ஒன்று. பழைய கேள்வித்தாளில் இருக்கிற கடிதக் கேள்வி எல்லாவற்றுக்கும் அவளுக்கே எழுதினாள். நூல் நிலையத்துக்கு வா, புகைமூட்டம் வந்தால் முகக்கவசம் போடு, உன் அம்மாவுக்குச் சமையலில் உதவு. ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “மக்சிக், பாகுஸ்” என்றார். நல்லது என்று அர்த்தம். நான் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல ஆளில்லை. சுவரில் மாட்டியிருந்த என் வீட்டுக்காரரின் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஏழு வாரம் அப்படிப் போயிற்று. எட்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான் டப்பாவோடு இறங்கியபோது அந்தப் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். காலி டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஆன்ட்டி, இனி வேணாம் ஆன்ட்டி.”

“என்னம்மா ஆச்சு?”

“போன வியாழக்கெழம... எங்க கேங்ல ஓட்டுனாங்க. ‘ஒன் பெஸ்ட்டு வருது, ஓடு ஓடு’ன்னு. எனக்கு மலு ஆயிடுச்சு.” வெட்கமாகிவிட்டது என்கிறாள். “அதான், கூட்டாளி எல்லாம் இல்ல, அவங்க அம்மா வந்து கெஞ்சினாங்க, பாவம்னு உக்காந்தேன்னு சொல்லிட்டேன்.”

“பரவால்லம்மா.”

“அவ எனக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தா, ஆன்ட்டி. கேட்டுச்சா இல்லையான்னு தெரியல. அவ மூஞ்ச பாத்தா ஒன்னும் தெரியாதுல்ல?”

தெரியாதுதான். எனக்கே தெரியாது. டப்பாவை வாங்கிக்கொண்டேன். கொண்டுவந்ததையும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன், அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினேழு வயதில் நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன். கோபமெல்லாம் என் மேல்தான். கெஞ்சி வாங்கிய கூட்டு எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மகள் கடிதம் எழுதவில்லை. நோட்டில் மற்றக் கட்டுரைகள் எழுதினாள். கடிதக் கேள்வி வந்தால் முகவரி, தேதி, அதோடு நிறுத்தினாள். நான் கேட்கவில்லை. கேட்டால், நான் கெஞ்சியது அவளுக்குத் தெரிந்துவிடும், ஒருவேளை அவள் காதில் விழாமல் இருந்திருந்தால். அவளும் சொல்லவில்லை. நான் கேட்காததால் சொல்லவில்லையா, சொல்ல ஒன்றும் இல்லையா, அதுவும் தெரியவில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நான்கு வாரம் சோறு, குழம்பு, குளியல், பஸ் நேரம் இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். ஆசிரியையிடம் சொல்லலாம் என்று ஒருநாள் பள்ளி வாசல் வரை போனேன். என்னால் கெட்டது என்று எந்த மொழியில் சொல்வது? காவலாளியிடம் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மலாய்மொழிச் சோதனை அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். அவள் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் பள்ளிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மூன்றாம் மாடிப் பெண்ணும் கூட்டத்தோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற பக்கம் போய்விட்டாள். பிள்ளைகள் பேசிக்கொண்டு போனதில் ‘சூராட்’ என்ற சொல் என் காதில் விழுந்தது. கடிதம். கடிதக் கேள்விதான் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வெயிலில் இன்னும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குத்தான் கூடுதல் நேரமாயிற்றே.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பஸ் வர நேரம் இருந்தது.

“கடிதம் வந்துச்சாம்மா?”

“வந்துச்சு. சோதனைய நெனச்சுக் கவலப்படுற கூட்டாளிக்கு ஆறுதல் சொல்லி எழுதணும்.”

“விட்டுட்டியா?”

“எழுதுனேன்.”

“யாருக்கு?”

அவள் மூன்றாம் மாடிப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். பிறகு நான் கேட்காமலே, எழுதியதை முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். முதலில் மலாயில். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சாலையில் ஓடிய லாரிகளைப் பார்த்தபடியேதான் சொன்னாள். நலம், நலமறிய ஆவல். நேரத்தோடு தூங்கு. தண்ணீர் குடி. பழைய கேள்விகளைச் செய்து பார். இவையெல்லாம் ஆசிரியை சொல்லிக்கொடுத்தவை. அதற்கு அப்புறம் இப்படி வந்தது:

“நீ என்னோடு பதினான்கு நாள் உட்கார்ந்தாய். ஒன்பது நாள் பேசினாய். ஒரு நாள் நான் காற்றாடியைப் பற்றிச் சொன்னதற்குச் சிரித்தாய். அன்று எனக்குச் சோதனையைப் பற்றிய பயம் இல்லை. என் அம்மா உன்னிடம் கேட்டதால்தான் வந்தாய் என்று எனக்குத் தெரியும். இனி நீ வரவேண்டியதில்லை. உனக்குப் பயமாக இருந்தால், நீயும் யாரிடமாவது காற்றாடியைப் பற்றிச் சொல்.”

பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியது. எங்களுடையதுதான். நாங்கள் ஏறவில்லை.

“நான் கேட்டது ஒனக்கு எப்படிம்மா தெரியும்? அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டியா?”

“அதுக்கு முன்னாடியே தெரியும். நீங்க ஞாயித்துக்கெழமதான் கறிபாப் சுடுவீங்க. அவ உக்காந்த மொத வாரத்துலேர்ந்து செவ்வாய், வியாழன் சுட்டீங்க. அவ உக்காந்ததும் செவ்வாய், வியாழன்தான்.”

இரண்டாம் வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏழாம் வாரம் வரை அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். குளியலறையில் அவள் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் நான் டப்பாவை மறைத்துக்கொண்டு படியிறங்கி ஏறியதெல்லாம் எனக்கு நினைவு வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நானும் லாரிகளைப் பார்த்தேன்.

“அப்ப ஏம்மா எழுதுறத நிறுத்துன?”

“கூட்டாளி இல்லன்னு அவளே சொல்லிட்டா. அப்புறம் எழுதுனா தப்பு. இன்னிக்கு யோசிச்சேன். இப்ப இல்ல. ஆனா அந்தப் பதினாலு நாள் இருந்தா. இருந்த ஆளுக்கு எழுதலாம்.” பிறகு, “நேரம் இருந்துச்சு, அதான் யோசிக்க முடிஞ்சுச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினாள், நிறுத்தாமல், அடித்தல் இல்லாமல். எதற்கு என்று கேட்டேன். “கடிதம்னா அந்த ஆளுகிட்டப் போகணும். சோதனைத் தாளு மார்க்கு போடுறவங்ககிட்டப் போயிடும்,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அந்தப் பெண் படித்துவிட்டு என்ன நினைப்பாள், அவள் அம்மா என்ன நினைப்பாள், கேங்கில் காட்டிச் சிரிப்பாளோ. நான் சொல்லவில்லை. அவள் விஷயத்தில் ஒருமுறை தலையிட்டது போதும் என்று இருந்தது. அவள் கீழே இறங்கிப்போய், வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் மூன்றாம் மாடிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

முடிவு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று பள்ளியில் தாளை வாங்கி என்னிடம் நீட்டினாள். வரலாற்றில் ‘ஏ’, முதல் எழுத்து. கணக்கில், வழிமுறை எழுதாமல் விட்ட மார்க்கு போக, அதற்கு அடுத்த எழுத்து. மலாய்மொழியில், தேறியதாகச் சொல்லக்கூடிய கடைசி எழுத்து. அதற்குக் கீழே போனால் சான்றிதழ் இல்லை. ஆசிரியை ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், தொட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று நினைவு வந்தவராகக் கையை இழுத்துக்கொண்டு, அதற்குப் பதில் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தோளில் என் முகம் பட்டபோதுதான், ஒரு ஆள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

மகள் இப்போது ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். காலை ஆறரைக்குப் போனால் சாயங்காலம் வருவாள். அங்கேயும் குழு வேலை, அங்கேயும் சத்தம். வழிமுறை எழுதாமல் இன்னும் மார்க்கை விட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான் வேலையை விட்டுவிட்டேன், முட்டி தாங்கவில்லை. பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மகளிடம் ஒருமுறை கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. “கேள்வியில எழுதச் சொல்லித்தான் இருந்துச்சும்மா. பதில் வரணும்னு இல்ல,” என்று சொல்லிவிட்டுக் காலணியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நான்தான் போல.

மூன்றாம் மாடிப் பெண் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், விடுமுறை போலிருக்கிறது, படியில் எதிரே வந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள்.

“ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? அவ எப்படி இருக்கா?”

“இருக்காம்மா. காலேஜ் போறா.”

“ஓ. நல்லது, ஆன்ட்டி.”

அவள் நின்றாள். நானும் நின்றேன். கடிதத்தைப் படித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்தது. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அவள் போன் அடித்தது, எடுத்துப் பேசிக்கொண்டே இறங்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் மாடி வரை மெதுவாக ஏறி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன்.